நாலாவது மூலை

சிதம்பரதாணு மடத்துக்கு வந்தபோது மடத்தம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எப்போதும் வணங்கிவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்துகொள்கிற மனிதர், அன்று வணங்கிய பிறகும் நின்றுகொண்டே இருந்தார்.

"உக்காருங்க அண்ணாச்சி."

"உக்காரல தாயே. ஒரு கேள்வி இருக்கு. பதில் கேட்டுக்கிட்டுப் போயிருதேன்."

"நின்னுக்கிட்டு கேட்டா பதில் சீக்கிரம் வந்துருமா?"

தாணு உட்கார்ந்தார்.

தாணு ரயில்வேயில் தண்டவாள இன்ஸ்பெக்டர். நெடுவிளை ஸ்டேஷனைத் தலைமையிடமாக வைத்துக்கொண்டு, இரண்டு ஆற்றுப் பாலங்களும் மலையை வெட்டி வழிவிட்ட ஒரு மலைவெட்டும் அடங்கிய மீட்டர்கேஜ் பாதையை அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மடத்தை நடத்திவந்த மடத்தம்மா அவருக்குத் தீட்சை கொடுத்த குரு, ஆனால் அவரைவிடப் பத்து வயது குறைவு. தன்னைவிடச் சின்ன பொம்பளை காலில் போய் விழுகிறாரே என்று ரயில்வே காலனியில் அவரை வைத்துக் கேலி பேசாத வீடு கிடையாது. தாணு அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்வதில்லை. தண்டவாளத்தில் எங்கோ ஒரு போல்ட் தளர்ந்திருந்தால் சக்கரத்தின் சத்தத்திலேயே கண்டுபிடித்து வண்டியை நிறுத்தச் சொல்லுவார். மனிதர்கள் பேசுவது மட்டும் அவருக்கு அவ்வளவாகக் காதில் விழாது.

"ஒரு ஆளைக் காப்பாத்துனா அஞ்சு உசிருக்கு ஆபத்து" என்றார் தாணு. "அஞ்சு உசிரைக் காப்பாத்தணும்னா அந்த ஒரு ஆளை நானே கெடுக்கணும். இதுல எது தாயே தர்மம்?"

"எந்த ஆளை?"

"இருளப்பனை. என்கிட்ட டிராலிமேனா இருக்கானே, அவனை."

மோட்டார் டிராலியைப் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். நாலு இரும்புச் சக்கரம், அதன்மேல் ஒரு பலகைத் தட்டு, நடுவில் சின்னதாக ஒரு பெட்ரோல் எஞ்சின், முன்னால் இன்ஸ்பெக்டர் உட்கார ஒரு பெஞ்சு. அவ்வளவுதான் வண்டி. தண்டவாளத்தின் மேலேயே ஓடும். இன்ஸ்பெக்டர் முன்னால் உட்கார்ந்து, எங்கே தண்டவாளத்தின் அடிக்கட்டை உளுத்திருக்கிறது, எங்கே ஜல்லி சரிந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போவார். எஞ்சின் லேசில் பிடிக்காது. நாலு பேர் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு ஓட வேண்டும். அது இருமிக்கொண்டு பிடித்ததும் நாலு பேரும் தாவி ஏறிக்கொள்ள வேண்டும். ரயில் வருகிறது என்றால் அதே நாலு பேர் குதித்து இறங்கி, ஆளுக்கு ஒரு மூலையைப் பிடித்து, வண்டியை அப்படியே தூக்கிப் பாதைக்கு வெளியே வைத்துவிட வேண்டும். அவர்களுக்குத்தான் டிராலிமேன் என்று பெயர்.

இதில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவனுக்கு ஒரு மூலை என்று ஆகிவிட்டால் கடைசிவரை அவனுக்கு அந்த மூலைதான். ரயில் வருகிற நேரத்தில் நீ எங்கே, நான் எங்கே என்று யாரும் யோசித்துக்கொண்டு நிற்கக் கூடாது, கால் தானாகப் போய் அந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதற்காக ஏற்பட்டது அது. முன்பக்கம் இடது மூலை சவரிமுத்துவுக்கு. பின்பக்கம் இரண்டும் பொன்னையாவுக்கும் காசிமுக்கும். முன்பக்கம் வலது மூலை இருளப்பனுக்கு. இன்ஸ்பெக்டர் தூக்க மாட்டார். சிவப்புக் கொடியைப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் நிற்பார். அதுவும் வழக்கம்தான்.

"போன வாரம் மலைவெட்டு வளைவுல எதிர்ல ஜல்லி ஏத்தின கூட்ஸ் வண்டி ஒண்ணு வந்துட்டு தாயே. வரக்கூடாத நேரம். யாரு தப்புன்னு விசாரணை நடக்கு, அது கெடக்கட்டும். இறங்கித் தூக்குதாங்க. மூணு மூலை எழும்பிட்டு. இருளப்பன் மூலை எழும்பல."

"பெறகு?"

"சக்கரம் தண்டவாளத்துல மாட்டிக்கிட்டு. எஞ்சின் விசில் காதைக் கிழிக்கு. நான் கொடியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கேன். சவரிமுத்துதான் தன் மூலையை விட்டுட்டு ஓடியாந்து தோளைக் குடுத்து நெம்பித் தள்ளினான். வண்டி குப்புற விழுந்துது. ஜல்லி வண்டி அதோட கைப்பிடியை உரசிக்கிட்டுப் போச்சு. இன்னும் ஒரு மூச்சு தாமசிச்சிருந்தா நாலு பேரையும் அள்ளித்தான் எடுத்திருக்கணும். என்னையும் சேத்து."

மடத்தம்மா கீரையை விட்டுவிட்டு அவரைப் பார்த்தார்.

"அவனுக்கு வலு போயிட்டு" என்றார் தாணு. "நாளைக்குக் காலை பாசஞ்சர்ல அவனை ரயில்வே டாக்டர்ட்ட அனுப்புதேன். கையில வலு இல்லன்னு நான் ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அன்ஃபிட்டுன்னு தள்ளிருவாங்க."

"தள்ளிட்டா?"

"வேலை இல்ல. குவார்ட்டர்ஸ் இல்ல. முழுப் பென்ஷனுக்கு இன்னும் வருஷம் கெடக்கு. மக ரெண்டாவது பேறுகாலத்துக்கு வந்து வீட்டுல இருக்கா. அவளையும் கூட்டிக்கிட்டு எங்க போவான்?" தாணு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் இந்த செக்‌ஷனுக்கு வந்த நாள்லேருந்து எங்கூட இருக்கான் தாயே. எனக்கு மலேரியா வந்து பாலத்துல மயங்கி விழுந்தப்ப தோள்ல போட்டுத் தூக்கிட்டு வந்தவன் அவன்."

"அவரு என்ன சொல்லுதாரு?"

"ஒண்ணும் சொல்லல. ஐயா சொன்னாச் சரின்னுட்டான். அதுதான் தாயே என்னால தாங்க முடியல. நல்லா நாலு ஏச்சு ஏசியிருந்தான்னா வீட்டுல போய்ப் படுத்துத் தூங்கியிருப்பேன்."

மடத்தம்மா மறுபடி கீரையை எடுத்தார்.

"உங்க ரூல் புஸ்தகம் என்ன சொல்லுது?" என்று கேட்டார் மடத்தம்மா.

தாணு நிமிர்ந்து உட்கார்ந்தார். தேவாரத்துக்கு அடுத்தபடி அவர் மனப்பாடமாக வைத்திருந்தது ரூல் புத்தகத்தைத்தான். "நாலு ஆள் சேந்து பாதையை விட்டு அலாக்காத் தூக்கி வைக்க முடிஞ்சா அந்த வண்டி டிராலி. அதுக்கு மேல கனம்னா அது லாரி, ரோட்டு லாரி இல்ல, தண்டவாளத்துல ஓடுத லாரி. லாரிக்குச் சட்டம் வேற, காபந்து வேற."

"நல்ல சட்டம்."

"நல்ல சட்டந்தான். ஆள் கெழண்டு போனா சட்டம் என்ன செய்யும்?"

மடத்தம்மா முறத்தைத் தட்டிவிட்டு எழுந்தார். "காலையில நான் ஸ்டேஷனுக்கு வாரேன். வண்டியைப் பாக்கணும்."

"வெளியாளை ஏத்தக் கூடாது தாயே. ரூல் இருக்கு."

"ஏற மாட்டேன். பாத்துட்டு வந்திருதேன்."

பாதி வழி போன பிறகுதான், கேட்ட கேள்விக்குப் பதில் வாங்காமலே வந்துவிட்டோம் என்பது தாணுவுக்கு உறைத்தது.

காலையில் டிராலி ஷெட்டின் முன்னால் நாலு பேரும் இருந்தார்கள். மூன்று பேர் காக்கிச் சட்டையில் இருந்தார்கள். இருளப்பன் மட்டும் வெள்ளை வேட்டி கட்டி, சவரம் பண்ணி, நெற்றியில் விபூதி பூசி, டாக்டரைப் பார்க்கப் போகிற ஆளாக பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு துணிப்பை. மகள் கட்டிக் கொடுத்த இட்லி வாசம் அதிலிருந்து வந்தது. மற்ற மூன்று பேரும் அவர் முகத்தைப் பார்க்காமல், துடைத்த கைப்பிடியையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

மடத்தம்மா வந்ததும் தாணு வண்டியைக் காட்டினார். காட்டும்போது அந்தத் துக்கத்திலும் குரலில் கொஞ்சம் பெருமை ஏறிவிட்டது. ஏறத்தான் செய்யும். வெள்ளைக்காரன் சீமையிலிருந்து கப்பலில் கொண்டுவந்து இறக்கிய வண்டி அது. அந்தப் பக்கத்து லெவல் கிராசிங்குகளில் அதற்கு டிராலி என்று பெயர் கிடையாது. தேர் வருகிறது, கேட்டைச் சாத்து என்பார்கள்.

அப்படிச் சொன்னதில் தப்பே இல்லை. முதலில் வண்டியில் ஒரு குடைதான் இருந்தது. ஒரு சித்திரை வெயிலில் மண்டை காய்ந்துபோய், தாணு குடையைக் கழற்றிவிட்டு இரும்புக் கால் நட்டுத் தகரக் கூரை போட்டார். வெறும் பெஞ்சில் உட்கார்ந்து இடுப்பு விட்டுப்போயிற்று. பழைய முதல் வகுப்புப் பெட்டி ஒன்றை உடைத்தபோது அதன் ஸ்பிரிங் மெத்தை சீட்டை வாங்கி, பெஞ்சு இருந்த இடத்தில் முடுக்கினார். வழியில் தண்ணீர் கிடைக்காது என்று ஒரு டிரம் வந்தது. காபிக்கு ஒரு ஸ்டவ் வந்தது. தண்டவாளத்தைத் தூக்கிப் பார்க்க ஒரு ஜாக்கியும், அது பழுதானால் வேண்டுமே என்று இன்னொரு ஜாக்கியும் வந்தன. எதுக்கும் இருக்கட்டும் என்பது தாணுவின் வாயில் அடிக்கடி வருகிற சொல். ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருந்தது. நியாயம் இல்லாமல் அவர் ஒரு ஆணிகூட அடித்ததில்லை.

மடத்தம்மா வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார்.

"தூக்கச் சொல்லுங்க அண்ணாச்சி."

"இருளப்பன் இன்னைக்கு டூட்டியில இல்ல."

"நாலு ஆள் வேணும்லா."

இருளப்பன் பையை பெஞ்சில் வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து தன் மூலையில் நின்றார். சவரிமுத்து குரல் கொடுத்தான். மூன்று மூலைகள் எழும்பின. நாலாவது மூலை தண்டவாளத்தை விட்டு அசையவில்லை. இருளப்பனின் கழுத்து நரம்பு புடைத்து, பல் கிட்டிக்கொண்டது. சவரிமுத்து கீழே வைக்கச் சொன்னான்.

தாணு முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பாத்தீங்களா தாயே."

"பாத்தேன். ரூலை இன்னொரு தரம் சொல்லுங்க."

"நாலு ஆள் சேந்து தூக்க முடிஞ்சா டிராலி. முடியலைன்னா லாரி."

"அப்ப இது என்ன?"

"இது டிராலி தாயே" என்றார் தாணு. பக்கத்தில் பெயிண்டில் எழுதியிருந்த நம்பரைக்கூடத் தொட்டுக் காட்டினார்.

"நாலு ஆளு தூக்கினாங்க. எழும்பலையே."

"முடியாதது ஒருத்தனாலதான்."

"உங்க புஸ்தகம் வண்டியைச் சோதிக்கச் சொல்லுதா, ஆளைச் சோதிக்கச் சொல்லுதா?"

சவரிமுத்து இருமிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினான்.

தாணுவுக்குக் கோபம் வந்துவிட்டது. மடத்தில் தனியாக வைத்து என்ன சொன்னாலும் கேட்டுக்கொண்டிருப்பார். தன் ஆட்களுக்கு முன்னால், தன் ஷெட்டில், தன் ரூலை வைத்தே தன்னை மடக்குவதா? ஆனால் சட்டம் என்னவோ அவர் மனப்பாடமாகச் சொன்ன சட்டம்தான். அதில் ஆள் கிழவனா, குமரனா, பலசாலியா என்று ஒன்றுமே கிடையாது. நாலு ஆள் என்றுதான் இருந்தது. இத்தனை வருஷம் ஒப்பித்ததில் இது தன் கண்ணில் படவில்லையே என்று அவருக்கு ஆத்திரமாகவும் இருந்தது.

"இந்த வண்டி வந்தப்ப இப்படியே இருந்துதா?" என்று மடத்தம்மா கேட்டார்.

"இல்ல."

"பின்னால வந்ததை எல்லாம் எறக்குங்க. பாப்போம்."

தாணு பொன்னையாவைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

"ஏத்தினது நீங்கதானே அண்ணாச்சி?" என்றார் மடத்தம்மா.

தாணு சட்டையைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினார். முதலில் தண்ணீர் டிரம்மை இறக்கினார். பிறகு ஸ்டவ். ஒரு ஜாக்கியை இறக்கும்போதே மூச்சு வாங்கியது. இரண்டாவது ஜாக்கியை இறக்கும்போது, இதை எதற்கு ஏற்றினோம் என்று அவருக்கே எரிச்சலாக வந்தது. பிளாட்பாரத்தில் பாசஞ்சருக்குக் காத்திருந்த ஜனம் ஒவ்வொருவராக வேலி ஓரம் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் பனியனோடு மூட்டை இறக்குகிற காட்சி நெடுவிளையில் தினமும் கிடைக்காது. ஸ்டேஷன் மாஸ்டர்கூட ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, மரியாதைக்காகத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

கூரைக்கு வந்தபோது தாணு நின்றுவிட்டார்.

"இது வெயிலுக்குப் போட்டது தாயே."

"அவங்களுக்கு மேலயும் இருக்கா?"

"இல்ல. என் சீட்டு வரைக்குந்தான்."

காசிம் ஸ்பானரை எடுத்து நீட்டினான். தாணு அதை வாங்கிக் கூரையைக் கழற்றினார். அதன்பிறகு யாரும் சொல்லாமலே மெத்தை சீட்டையும் கழற்றி, ஷெட்டுக்குள் தூசி படிந்து கிடந்த பழைய மர பெஞ்சை எடுத்து வைத்தார்.

"இப்ப தூக்குங்கப்பா" என்றார்.

இந்த முறை மூன்று மூலைகளும் சட்டென்று மேலே போயின. பொன்னையா எதிர்பார்க்காததால் தடுமாறி ஒரு அடி பின்னால் வந்தான். நாலாவது மூலை ஒரு சாண் எழும்பியது. இருளப்பனின் முழங்கை நடுங்கியது. மூலை மறுபடி தண்டவாளத்தில் இறங்கிவிட்டது.

அப்போது தாணுவுக்கு ஒரு நிம்மதி வந்தது. வந்ததை மறைத்து என்ன ஆகப் போகிறது? நான் சொன்னது சரிதான் என்கிற நிம்மதி. அடுத்த நொடியே இருளப்பனின் முகத்தைப் பார்த்து வெட்கமும் வந்தது.

"எல்லாத்தையும் எறக்கியாச்சு தாயே. இனி எறக்க ஒண்ணுமில்ல. அவன் மூலைதான் எழும்ப மாட்டேங்கு. நான் என்ன செய்யட்டும்?"

தூரத்தில் கைகாட்டி இறங்கியது. ஜனங்கள் வேலியை விட்டு மூட்டை முடிச்சுகளுக்கு ஓடினார்கள்.

"வண்டி வருது ஐயா" என்றார் இருளப்பன். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். "நான் கெளம்புதேன்."

"கொஞ்சம் பொறுங்க" என்றார் மடத்தம்மா. "காசிமோட மூலைக்குப் போங்க. காசிம், நீங்க இங்க வாங்க."

சவரிமுத்துவுக்குப் பதறிவிட்டது. "அம்மா, மூலை மாத்தக் கூடாது. எங்க வழக்கத்துலயே இல்ல."

"ரயிலு முன்னாலதானே மாத்தக் கூடாது? ஷெட்டுலதானே நிக்கோம்."

இருளப்பன் தயங்கித் தயங்கிப் பின்னால் போனார். காசிம் முன்னால் வந்தான். நாலு பேரிலும் திடகாத்திரமானவன் அவன்தான். வாரச்சந்தையில் நெல் மூட்டையை ஒற்றை ஆளாக வண்டியில் ஏற்றுகிறவன். இருளப்பனைப் பார்த்து, பாவம் என்று நினைத்தபடியே குனிந்து கைப்பிடியைப் பிடித்தான்.

சவரிமுத்து குரல் கொடுத்தான்.

பின் மூலையில் இருளப்பன் மற்றவர்களோடு ஒன்றாக நிமிர்ந்தார். கைப்பிடி அவர் இடுப்பு உயரத்துக்கு வந்து நின்றது. அவரே அதைக் குனிந்து பார்த்துக்கொண்டார், தன் கைதானா என்று. முன்னால் காசிமின் முகம் சிவந்து, கண் பிதுங்கியது. அவன் மூலை முழங்கால் வரை வந்து நடுங்கிவிட்டுத் தொம்மென்று விழுந்தது.

"யா அல்லா!" என்றான் காசிம். "ஐயா, இந்த மூலையில என்ன ஐயா இருக்கு?"

எல்லோரும் அந்த மூலையைப் பார்த்தார்கள். பெஞ்சுக்கு வலப்பக்கம், அந்த மூலையை ஒட்டி, தடித்த தகட்டில் அடித்த ஒரு இரும்புப் பெட்டி இருந்தது. மூடியில் சந்தனப் பொட்டு வைத்து, ஒரு முழம் கதம்பம் சுற்றியிருந்தது. தினமும் எல்லோரும் பார்க்கிற பெட்டிதான். தாணு அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல் வண்டியைக் கிளப்பச் சொன்னதில்லை. மடத்தம்மா எல்லாவற்றையும் இறக்கச் சொன்னபோது அவர் கை அதன் பக்கமே போகவில்லை. அவர் மறைத்தார் என்று சொல்ல முடியாது. அதற்கும் ஒரு கனம் இருக்கிறது என்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

தாணு இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்தார். பட்டுத் துணிக்குள் ஒரு கருங்கல். அதன்மேல் இரண்டு பாதங்கள் செதுக்கியிருந்தன. மடத்தம்மாவுடைய குருநாதரின் பாதங்கள் அவை. தாணு தீட்சை வாங்கிக்கொண்ட நாளில், மடத்தம்மா பூஜை அறையிலிருந்து தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தது. கருக்கலில் வீட்டை விட்டுக் கிளம்புகிறவனுக்குப் பூஜை செய்ய ஏது நேரம் என்று, தாணு அதை வண்டியிலேயே வைத்துக்கொண்டுவிட்டார். பாதத்தின் கீழே உட்கார்ந்து வேலை பார்க்கிறோம் என்று அவருக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். இத்தனை வருஷமாகத் தன் செக்‌ஷனில் ஒரு விபத்துகூட நடக்காததற்கு அதுதான் காரணம் என்று நம்பியிருந்தார்.

மடத்தம்மா கல்லைப் பார்த்தார். பிறகு இருளப்பனைப் பார்த்தார்.

"இது இங்க இருக்கது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா. பெட்டியோட தூக்கி வச்ச அன்னைக்கு ஐயாவுக்கு ஒரு பக்கம் நாந்தான் பிடிச்சேன். பழகின கையி, இத்தனை வருஷம் மூச்சைப் பிடிச்சுத் தூக்கிட்டேன்."

"கனக்குன்னு ஏன் சொல்லல?"

இருளப்பன் தரையைப் பார்த்தார்.

"டிரம்மு கனக்கு, ஜாக்கி கனக்குன்னு சொல்லலாம்மா" என்றார். "சாமி கனக்குன்னு எப்படிம்மா சொல்லுதது?"

பாசஞ்சர் கூவிக்கொண்டு பிளாட்பாரத்துக்குள் வந்தது. இருளப்பன் பையை எடுத்துக்கொண்டு தாணுவின் முன்னால் வந்து நின்றார். போ என்றால் போவதற்குத் தயாராக நின்றார்.

"பையை உள்ள வை இருளப்பா."

"டாக்டரு காத்திருப்பாரே ஐயா."

"நான் சொல்லிக்கிடுதேன்."

"ஐயா, விசாரணையில என்ன சொல்லுவீங்க?" என்று சவரிமுத்து மெதுவாகக் கேட்டான். கேட்க வேண்டிய கேள்விதான். இருளப்பனின் கையில் வலு இல்லை என்று தாணு அங்கே ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார். ஆள் சரி, வண்டிதான் கனம் என்று இப்போது மாற்றிச் சொன்னால், கனத்தை ஏற்றியது யார் என்ற கேள்விதான் அடுத்து வரும்.

"உள்ளதைச் சொல்லுவேன்" என்றார் தாணு. "வர்றது வரட்டும்."

பாசஞ்சர் கிளம்பிப் போயிற்று. இருளப்பன் பையை ஷெட்டுக்குள் வைத்துவிட்டு வந்து, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று துண்டால் மூக்கைச் சிந்தினார். காசிம் அவர் தோளில் கை போட்டுக்கொண்டான். பொன்னையா பையைத் திறந்து இட்லியை எடுத்தான். இனிமேல் டாக்டர் ஊர் வரைக்கும் யார் சுமக்கப் போகிறார்கள் என்றான். நாலு பேரும் ஷெட் வாசலில் உட்கார்ந்து பங்கு போட்டுச் சாப்பிட ஆரம்பித்தார்கள்.

தாணு மட்டும் வண்டிக்குப் பக்கத்திலேயே நின்றார். பட்டுத் துணியை ஒழுங்காக மடித்துக் கல்லை மூடினார். பெட்டியை மூடாமல் யோசித்தார். தட்டின் நீளத்தையும் அகலத்தையும் கண்ணால் அளந்தார்.

"தாயே, மத்ததெல்லாம் போகட்டும். ஒண்ணும் வேண்டாம். இது மட்டும் இருந்துட்டுப் போகட்டும்."

தாணு தட்டின் நடுவில் விரலை வைத்துக் காட்டினார்.

"மூலையிலேருந்து எடுத்து நட்டநடுவுல வெச்சிருதேன். பாரம் நாலு பேருக்கும் சமமாப் பிரிஞ்சிரும். ஒருத்தருக்கும் தெரியாது."

தாணு பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க உங்க கையால குடுத்தது தாயே" என்றார் தாணு. கண் கலங்கிவிட்டது. "குருநாதர் பாதம். அதைப் போய் நான் எப்படி எறக்கி வைப்பேன்?"

"நான் உங்க கையிலதான் குடுத்தேன் அண்ணாச்சி" என்றார் மடத்தம்மா, ஷெட் வாசலில் சாப்பிட்டுக்கொண்டிருந்த நாலு பேரையும் பார்த்தபடி. "அவங்க கையில குடுக்கல."